கேன் தண்ணீரில் டிஇஹெச்பி 1.8: மாற்ற வேண்டியது கேனையா, டெஸ்டையா?

நீலக்கேன் | 2025 மார்ச் 2, இரவு 9.14

வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் தண்ணீரை லேபில் கொடுத்தோம். டிடிஎஸ், ஹார்ட்னஸ் எல்லாம் சரி. தனியாகக் காசு கட்டிக் கேட்ட பிளாஸ்டிக் கெமிக்கல் வரிசையில் மட்டும் 'டை(2-எத்தில்ஹெக்சில்) தாலேட்: 1.8 மைக்ரோகிராம்/லிட்டர், முறை: ஜிசி-எம்எஸ்' என்று போட்டிருக்கு. இதைத்தான் சுருக்கமா டிஇஹெச்பின்னு சொல்றாங்க. மற்ற தாலேட் எதுவும் இல்லையாம். கேன் பாலிகார்பனேட், அடியில் முக்கோணத்துக்குள் 7. பாலிகார்பனேட் கேனிலிருந்து தாலேட் இறங்குதுன்னு இதிலேயே நிரூபணம் ஆயிடுச்சுல்ல? அபார்ட்மென்ட் குரூப்பில் கேனை நிறுத்தியே ஆகணும்னு நிக்கிறாங்க.

பிப்பெட் | மார்ச் 2, இரவு 10.02

ஆகவில்லை. பாலிகார்பனேட் விறைப்பான பிளாஸ்டிக், அதில் டிஇஹெச்பி சேர்க்கும் அவசியமே கிடையாது. டிஇஹெச்பி என்பது பிவிசியை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய். பாலிகார்பனேட்டிலிருந்து வரக்கூடியது பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. உங்கள் ரிப்போர்ட்டில் அதைப் பார்க்கவே இல்லை. சந்தேகப்பட்டது ஒருவர் மேல், கைரேகை எடுத்தது வேறொருவரிடம்.

மூன்று கேள்வி. மாதிரியை எதில் பிடித்தீர்கள்? கேனிலிருந்து எப்படி எடுத்தீர்கள்? ரிப்போர்ட்டில் பிளாங்க் எவ்வளவு?

நீலக்கேன் | மார்ச் 2, இரவு 10.20

காலி மினரல் வாட்டர் பாட்டில், 1 லிட்டர். கேன் மேல மாட்டி அமுக்குற கை பம்பில் பிடிச்சது. பிளாங்க்னா என்ன சார்?

செப்டம் | மார்ச் 2, இரவு 10.31

கை பம்பா! சரி, பாப்கார்னோடு உட்காருகிறேன்.

பிப்பெட் | மார்ச் 3, காலை 6.48

பிளாங்க் என்றால் தண்ணீர் மாதிரி இல்லாமலேயே முழுச் சோதனையையும் செய்து பார்ப்பது. அதே கண்ணாடிச் சாமான், அதே கரைப்பான், அதே கார்ட்ரிட்ஜ் (தண்ணீரில் இருக்கும் பொருளைப் பிடித்துவைக்கும் குழல்), அதே ஆள். மாதிரிக்குப் பதில் சுத்தம் என்று தெரிந்த தண்ணீர். அதில் வரும் எண் லேபின் சொந்த அழுக்கு.

தாலேட்டில் இந்த அழுக்கு ஒருபோதும் பூஜ்யமாக இருக்காது. ஒரு கணக்கு: வீட்டுத் தூசியில் கிராமுக்குச் சில நூறு மைக்ரோகிராம் டிஇஹெச்பி இருப்பது சர்வசாதாரணம். 500 என்று வையுங்கள். ஒரே ஒரு மில்லிகிராம் தூசி பிரித்தெடுக்கும் புனலில் விழுந்தால் 0.5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து 1 மி.லி. ஆகச் சுருக்குகிறோம் என்பதால் அது அப்படியே லிட்டருக்கு 0.5 என்று ரிப்போர்ட்டில் ஏறும். ஒரு மில்லிகிராம் தூசி கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

அளவுகோலுக்காக: டிஇஹெச்பிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவின் வரம்பு 6. உங்கள் 1.8 இரண்டுக்கும் கீழே. குரூப்பில் முதலில் இதைப் போடுங்கள்.

செப்டம் | மார்ச் 3, காலை 8.15

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஏணி இருக்கிறது. ஜிசியில் (பொருட்களை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவி, அதோடு இணைந்த எம்எஸ் அயனி எடையை வைத்து அடையாளம் காணும்) ஊசியே போடாமல் வெப்பநிலை நிரலை ஓட்டுங்கள். தாலேட்டைக் காட்டும் 149 அயனியில் சிகரம் வந்தால் கேரியர் கேஸ் வழியோ, செப்டமோ (ஊசி குத்தும் ரப்பர் மூடி), இன்லெட் லைனரோ. அது சுத்தமென்றால் காலி வயலிலிருந்து (மாதிரி வைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) காற்றை இழுத்துப் போடுங்கள். இப்போது வந்தால் சிரிஞ்ச். அதுவும் சுத்தமென்றால் கரைப்பான் மட்டும். கடைசியாக முழுமுறை பிளாங்க். எந்தப் படியில் சிகரம் முளைக்கிறதோ அந்தப் படியில்தான் குற்றவாளி. பலரும் நேரே கடைசிப் படியில் ஆரம்பித்து வாரக்கணக்கில் கார்ட்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

தானாக ஊசி போடும் ஆட்டோசாம்ப்ளரில் ஊசி கழுவும் வயலை மறக்க வேண்டாம். அந்தக் கரைப்பானை மாற்றாமல் விட்டால் தாலேட் சேர்ந்துகொண்டே போகும். ஒருமுறை குத்திய வயல் மூடியின் சிலிகோனும் அப்படித்தான். மேலே இருக்கும் டெஃப்லான் படலம் கிழிந்ததும் கரைப்பான் சிலிகோனைத் தொடும். இரண்டாவது ஊசியில் எண் ஏறியிருந்தால் மாதிரியைச் சந்தேகிக்காதீர்கள், மூடியைப் பாருங்கள்.

வேதிக்குடம் | மார்ச் 3, காலை 11.40

கொலம்பியா பல்கலைக்கழகம் 2024ல் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சுமார் 2,40,000 பிளாஸ்டிக் துகள் கண்டுபிடிச்சாங்களே. இவங்க ரிப்போர்ட்டில் அது ஏன் இல்லை? மறைக்கிறாங்களா?

பிப்பெட் | மார்ச் 3, மதியம் 1.05

அது துகள், இது கரைந்த வேதிப்பொருள். அந்த ஆய்வில் லேசர் நுண்ணோக்கி வழியாகத் துகளை எண்ணினார்கள். அதில் சுமார் 90 சதவீதம் நானோ அளவு. ஜிசி-எம்எஸ் தாலேட் முறை துகளை எண்ணாது. நிறமாலையில் ஒரு மூலக்கூறைத் தேடும், அவ்வளவுதான்.

இரண்டும் தொட்டுக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. டிஇஹெச்பி நீரை வெறுத்துத் துகளோடும் பாத்திரச் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். மாதிரியை வடிகட்டிவிட்டுச் சோதித்தால் துகளோடு போன தாலேட் கணக்கிலிருந்து தப்பிவிடும். குடிப்பவர் வடிகட்டாமல்தான் குடிக்கிறார், அதனால் வடிகட்டாமல் சோதிப்பதே சரி.

இதே காரணத்துக்காக இன்னொன்று: பாட்டிலிலிருந்து 500 மி.லி. அளந்து ஊற்றிக்கொண்டு மீதியை வைக்கக் கூடாது. பாட்டில் முழுவதையும் எடுக்க வேண்டும். பிறகு காலி பாட்டிலைப் பிரித்தெடுக்கும் கரைப்பானால் அலசி, அந்த அலசலையும் சேர்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை முன்பும் பின்பும் எடை போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நீலக்கேன் | மார்ச் 3, இரவு 8.50

லேபில் கேட்டேன். பிளாங்க் 'ஏற்கத்தக்க அளவில்' இருந்ததாம். எண் கேட்டா 1.1னு சொன்னாங்க. அப்போ 1.8லிருந்து 1.1ஐக் கழிச்சா 0.7. அதுதானே உண்மையான அளவு?

கணக்குப்பிள்ளை | மார்ச் 3, இரவு 9.37

கழிக்காதீர்கள். 1.1 என்பது நிலையான எண் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஆடும். ஆடும் எண்ணிலிருந்து ஆடும் எண்ணைக் கழித்தால் ஆட்டம் குறையாது, கூடும். இரண்டின் சிதறலும் ஒரே அளவென்றால் கழித்து வரும் விடையின் சிதறல் சுமார் 1.4 மடங்கு.

அமெரிக்க இபிஏ கண்டறியும் வரம்பைக் கணக்கிடும் விதத்தை 2017ல் திருத்தியது இதற்காகத்தான். முன்பெல்லாம் ஏழு மாதிரிகளில் தேடும் பொருளையே குறைந்த அளவில் சேர்த்து, அவற்றின் நியமவிலக்கத்தை (சிதறலின் அளவு) 3.143 ஆல் பெருக்கினால் வரம்பு. இப்போது பிளாங்க்குகளிலிருந்தும் தனியாக ஒரு வரம்பு கணக்கிட வேண்டும். பிளாங்க் சராசரி கூட்டல் 3.143 பெருக்கல் பிளாங்க்கின் நியமவிலக்கம். இரண்டில் எது பெரியதோ அதுதான் வரம்பு.

கணக்குக்காக நானே எடுத்த ஏழு பிளாங்க் எண்கள்: 0.42, 0.55, 0.61, 0.38, 0.70, 0.49, 0.56. சராசரி 0.53. நியமவிலக்கம் 0.11. சிதறலை மட்டும் பார்த்தால் வரம்பு 0.35 என்று அழகாக இருக்கும். சராசரியைச் சேர்த்தால் 0.88. அளவிட்டுச் சொல்லக்கூடிய எல்லைக்குச் சராசரியோடு பத்து மடங்கு நியமவிலக்கம் என்று எடுத்தால் 1.63. இவ்வளவு நல்ல பிளாங்க் இருக்கிற லேபிலேயே 1.8 என்பது எல்லைக்கு மேல் தலையை மட்டும் நீட்டுகிற எண். உங்களுக்கு பிளாங்க்கே 1.1. அந்த ரிப்போர்ட் சொல்லக்கூடியது 'சுமார் 2க்கு மேல் இல்லை' என்பது மட்டும்தான்.

பிப்பெட் | மார்ச் 3, இரவு 10.15

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு சேர்க்கை. ஏழையும் ஒரே நாளில் ஒரே ஆள் செய்தால் சிதறல் பொய்யாகச் சின்னதாக வரும். அந்த முறையே மூன்று வெவ்வேறு நாள் தொகுதிகளில் பிரித்துச் செய்யச் சொல்கிறது. தாலேட்டுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பிளாங்க் நாளுக்கு நாள் மாறும். தரையைத் துடைத்த நாள், புது கையுறைப் பெட்டி திறந்த நாள், ஏசி வடிகட்டியைத் தட்டிய நாள்.

பிளாங்க்கைக் குறைக்கும் வேலை இப்படி:

கண்ணாடிச் சாமானை 400 டிகிரியில் நான்கு மணி நேரம் சுடுங்கள். அளவுக் குடுவையையும் பிப்பெட்டையும் மட்டும் சுடக் கூடாது, கொள்ளளவு மாறிவிடும். அவற்றுக்கு அசிட்டோன், பிறகு ஹெக்சேன் அலசல். சுட்டதை அலுமினியத் தாளால் மூடுங்கள், அந்தத் தாளையும் சுட்டபிறகு. நாள் கணக்கில் வைத்திருந்தால் காற்றிலிருக்கும் தாலேட் மறுபடி ஒட்டும், ஆகவே அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கு. ஈரம் எடுக்கும் சோடியம் சல்பேட்டையும் சுட வேண்டும், அது பிளாஸ்டிக் டப்பாவில்தான் வந்திருக்கும். கார்ட்ரிட்ஜ் கண்ணாடி உடம்பு, டெஃப்லான் வடிதட்டு. பிளாஸ்டிக் உடம்பென்றால் பிடித்த பொருளை இறக்கும் எலூஷன் கரைப்பானால் முன்கூட்டியே நன்றாகக் கழுவ வேண்டும். கரைப்பானைச் சோதிக்க 200 மி.லி.யை 1 மி.லி. ஆகச் சுருக்கி ஊசி போடுங்கள். பாட்டில் லேபிளில் என்ன தரம் அச்சிட்டிருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

பாராஃபிலிம், பிளாஸ்டிக் நுனி, வினைல் கையுறை, மார்க்கர் பேனா, கைக்கு கிரீம்: எதுவும் பக்கத்தில் வேண்டாம். வாசனைப் பொருளில் டைஎத்தில் தாலேட் உண்டு. சென்ட் போட்டு வருபவரை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்புவது உத்தமம்.

செப்டம் | மார்ச் 4, காலை 7.20

கடைசி வரியால் எங்கள் லேபில் ஒரு கல்யாண வீட்டு சீசன் முழுக்க வேலை நிற்கும்.

பிப்பெட் | மார்ச் 4, மாலை 6.30

அடுத்து, பிரித்தெடுப்பின் விவரம். ஒரு லிட்டர் மாதிரியை எடுத்த உடனே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 2க்குக் கீழே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும், இருட்டில் 4 டிகிரியில். 14 நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். குளோரின் இருந்தால் அமிலத்துக்கு முன் லிட்டருக்கு 40 முதல் 50 மி.கி. சோடியம் சல்பைட். வரிசையை மாற்றினால் குளோரின் போகுமுன் அமிலம் சேர்ந்து வேறு வினைகளைக் கிளப்பும்.

மாதிரியில் 5 மி.லி. மெத்தனாலும் டியூட்டீரியம் ஏற்றிய உள்தரங்களும் அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருட்களும் (டிபிபி-டி4, டிஇஹெச்பி-டி4) சேர்த்துக் குலுக்குங்கள். சி18 கார்ட்ரிட்ஜை எத்தில் அசிட்டேட், டைகுளோரோமீத்தேன், மெத்தனால், தண்ணீர் என்ற வரிசையில் நனையுங்கள். மெத்தனால் ஊற்றியபின் படுகை காயவே கூடாது. காய்ந்தால் மெத்தனாலிலிருந்து மறுபடி. தண்ணீரை நிமிடத்துக்கு 5 முதல் 10 மி.லி. வேகத்தில் இழுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் வெற்றிடத்தில் உலர்த்தல். பாட்டிலை 5 மி.லி. எத்தில் அசிட்டேட்டாலும் பிறகு 5 மி.லி. டைகுளோரோமீத்தேனாலும் அலசி, அந்த அலசலையே கார்ட்ரிட்ஜ் வழியாக விட்டு எலூட் செய்யுங்கள். சோடியம் சல்பேட் வழியாக வடித்து, 40 டிகிரியில் நைட்ரஜன் ஊதி 1 மி.லி. வரை மட்டும். முழுக்கக் காய விட்டால் டைமீத்தைல், டைஎத்தில் தாலேட்டுகள் பறந்துவிடும். கனமான டிஇஹெச்பி மட்டும் மிஞ்சி, 'மற்றவை கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வரும். நீலக்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு இந்த நினைப்பும் வந்தது. ரெக்கவரி சதவீதம் (சேர்த்த பொருளில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது) கேட்டுப் பாருங்கள். 70க்கும் 130க்கும் இடையே இருக்க வேண்டும்.

செப்டம் | மார்ச் 4, இரவு 8.05

ஜிசி பக்கம்: 5 சதவீத ஃபினைல் காலம் (column, பொருட்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய்), 30 மீட்டர், 0.25 மி.மீ., ஸ்பிளிட்லெஸ் 1 மைக்ரோலிட்டர், இன்லெட் 280. எம்எஸ்ஸில் 149 அயனியை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. டைமீத்தைல் தாலேட் தவிர (அதற்கு 163) கிட்டத்தட்ட எல்லாத் தாலேட்டுக்கும் 149தான் பெரிய சிகரம். டிஇஹெச்பிக்கு 167, 279 இரண்டும் ஸ்டாண்டர்டின் விகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். டைஐசோனோனைல் ஒற்றைச் சிகரமாக வராது. பல ஐசோமர் கலவை என்பதால் மேடு மாதிரி பரவி வரும், 293 பார்த்தால் தெரியும்.

இன்னொரு புதுச் சிக்கல். டிஇஹெச்பிக்குப் பதிலாக இப்போது டிஇஹெச்டி என்ற டெரிதாலேட் நிறையப் புழங்குகிறது. மூலக்கூறு எடை அதே 390. காலம் குழாயிலிருந்து கொஞ்சம் பிந்தி வரும், 261 அயனி கொடுக்கும். காலம் குழாயின் நுனியை வெட்டி, சிகரம் வரும் நேரம் நகர்ந்திருக்கிற நாளில் இதை டிஇஹெச்பி என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

வேதிக்குடம் | மார்ச் 5, காலை 9.10

டெரிதாலேட்னா பெட் பாட்டில்தானே? அப்போ அவர் மாதிரி பிடிச்ச பெட் பாட்டிலிலிருந்தே வந்திருக்கும்!

பிப்பெட் | மார்ச் 5, காலை 9.55

இல்லை. பெட்டில் டெரிதாலேட் பாலிமர் சங்கிலியின் எலும்பு. தனியாக மிதக்கும் எண்ணெய் அல்ல. பெட்டுக்கு மிருதுவாக்கி தேவையில்லை. பெட் பாட்டிலில் பார்க்க வேண்டியது ஆன்டிமனி, தயாரிப்பில் வினையூக்கியாகச் சேரும் ஆன்டிமனி டிரைஆக்சைடின் மிச்சம். வெயிலில் கிடந்தால் கூடும். பேக்கேஜ் குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 14543 அதற்கு லிட்டருக்கு 0.005 மி.கி. என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைப் பார்ப்பது உலோகம் அளக்கும் ஐசிபி-எம்எஸ், ஜிசி இல்லை.

ஆனாலும் மாதிரியைப் பழைய பாட்டிலில் பிடித்தது தவறான பழக்கம்தான். மூடியின் உள்பட்டை என்ன, முன்பு எதைத் தொட்டது, எதுவும் தெரியாது. பழுப்புக் கண்ணாடி, டெஃப்லான் பூசிய மூடி. லேபே கொடுக்க வேண்டும்.

எனக்குச் சந்தேகம் பம்பின் மேல்தான். கேனுக்குள் இறங்கும் குழாய் வளைகிறதா?

நீலக்கேன் | மார்ச் 5, மதியம் 2.30

கீழ் குழாய் கெட்டி. மேல் பகுதியில் மிருதுவா, கண்ணாடி மாதிரி ஒரு டியூப் இருக்கு. அது பிவிசியா சிலிகோனா எப்படித் தெரிஞ்சுக்கறது?

செப்டம் | மார்ச் 5, மாலை 4.12

செம்புக் கம்பிச் சோதனை. மரப்பிடி போட்ட தடித்த செம்புக் கம்பியை கேஸ் தீயில் பச்சை நிறம் எதுவும் வராத வரை சிவக்கச் சுடுங்கள். சூடாக இருக்கும்போதே டியூப் நுனியைத் தொட்டு ஒரு துளி உருகி ஒட்டட்டும். மறுபடி தீயில் காட்டுங்கள். சுவாலை பச்சையானால் குளோரின் இருக்கிறது. குளோரின் இருந்து, வளையவும் செய்தால் மிருதுவாக்கிய பிவிசி. சிலிகோன் என்றால் பச்சை வராது, வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். கொட்டாங்கச்சி அளவு துண்டையெல்லாம் எரிக்காதீர்கள், கடுகளவு போதும், ஜன்னலைத் திறந்துவைத்து. வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு உண்டு.

பச்சை வந்தால் அது டிஇஹெச்பி என்று அர்த்தமில்லை. வேறு மிருதுவாக்கியும் இருக்கலாம். ஆனால் சந்தேகப்பட்டியலில் முதலிடம்.

ஆர்ஓ பிளான்ட் | மார்ச் 5, இரவு 9.00

கேன் போடுறவன் நான். எங்க பக்கமும் சொல்லுங்க. எங்ககிட்ட பைப் எல்லாம் யுபிவிசி. அதுலயும் இந்த தாலேட் வருமா? லாரித் தண்ணி ஏத்துறப்போ பச்சை ஓஸ் போடுவோம்.

பிப்பெட் | மார்ச் 5, இரவு 10.25

வாங்கண்ணே. யுபிவிசியில் முதல் எழுத்தே மிருதுவாக்காதது என்று சொல்கிறது. அதில் டிஇஹெச்பி கவலை இல்லை. பழைய பைப்பில் ஈயம் கலந்த நிலைப்படுத்திதான் கவலை. அதற்கு 2021ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஈயத்தை வேறு டெஸ்டில் பார்க்க வேண்டும். சின்டெக்ஸ் வகைத் தொட்டி பாலிஎத்திலீன், அதற்கும் மிருதுவாக்கி வேண்டாம்.

பச்சை ஓஸ் வேறு கதை. அது முழுக்க மிருதுவாக்கிய பிவிசி, எடையில் கணிசமான பங்கு எண்ணெய்தான். வெயிலில் தண்ணீரோடு கிடந்த ஓஸின் முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள். ஆர்ஓவுக்கு முன்னால் என்றால் ஓரளவு பரவாயில்லை, கார்பன் படுகையும் மெம்பிரேனும் பிடித்துக்கொள்ளும். ஆர்ஓவுக்குப் பின்னால் நிரப்பும் இடத்தில் ஒரு அடி ஓஸ் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். எவர்சில்வர் குழாயோ உணவுத்தர சிலிகோனோ போடுங்கள்.

நீலக்கேன் | மார்ச் 6, காலை 7.35

பச்சைதான் வந்தது! மறுபடி டெஸ்ட் கொடுக்கப் போறேன். எத்தனை பாட்டில், எப்படிப் பிடிக்கணும்? கூடவே பிபிஏவும் போடச் சொல்றேன்.

பிப்பெட் | மார்ச் 6, மதியம் 12.50

தாலேட்டுக்கு ஐந்து பாட்டில். ஒரு புது கேனைச் சாய்த்து நேரடியாக ஊற்றிய இரண்டு (ஒன்று இரட்டை). அதே கேனில் பம்பு மாட்டி, ராத்திரி முழுக்க நிற்கவிட்டு, காலையில் வரும் முதல் லிட்டர் ஒன்று. லேபின் சுத்தத் தண்ணீரை உங்கள் வீட்டில் திறந்து அதே நேரம் வைத்து மூடிய கள பிளாங்க் ஒன்று. லேபிலேயே செய்யும் முறை பிளாங்க் ஒன்று. நேரடியாக ஊற்றியதும் கள பிளாங்க்கும் ஒரே எண் என்றால் கேனில் எதுவும் இல்லை. பம்பு வழி எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் பதில் கிடைத்துவிட்டது. இந்த ஒப்பீட்டில் பிளாங்க் கொஞ்சம் உயரமாக இருந்தாலும் சமாளிக்கலாம், எல்லாமே ஒரே தொகுதியில் ஓடினால்.

சாய்த்து ஊற்றும்போது கேன் வாயை முதலில் துடைத்து, முதல் அரை லிட்டரைக் கீழே விடுங்கள். பாட்டிலை மாதிரியால் அலசாதீர்கள். உள்ளே மாதிரி கெடாமலிருக்க மருந்து போட்டிருப்பார்கள், அது போய்விடும். அலசினால் சுவரில் டிஇஹெச்பியும் கூடுதலாக ஒட்டும். கழுத்துவரை நிரப்பி மூடுங்கள்.

பிபிஏவுக்குத் தனி பாட்டில். இதில் ஒரு வேடிக்கையான பொறி: பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, கடை பில். தெர்மல் காகிதத்தில் பிபிஏவோ அதன் உறவான பிபிஎஸ்ஸோ எடையில் ஒரு சதவீத அளவுக்குக்கூட, தூளாக, ஒட்டாமல் இருக்கும். பஸ்ஸில் டிக்கெட்டைக் கையில் மடித்துக்கொண்டே வந்து பாட்டிலைத் திறந்தால் கேனைவிட டிக்கெட்தான் அதிகம் தெரியும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் வேண்டாம், அது பட்ட கைக்குக் காகிதத்திலிருந்து பிபிஏ இன்னும் அதிகமாக ஏறும்.

செப்டம் | மார்ச் 6, மாலை 5.40

டிக்கெட் பற்றி சொன்னது பொன்னெழுத்து. பில்லை லேப் புத்தகத்தில் ஒட்டி வைக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

பிபிஏவுக்கு எல்சி-எம்எஸ்/எம்எஸ் (ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரிக்கும் கருவி), நெகட்டிவ் அயனி. 227லிருந்து 212, உறுதிக்கு 227லிருந்து 133. மொபைல் ஃபேஸில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் சிக்னல் செத்துவிடும். கொஞ்சம் அம்மோனியாவோ அமோனியம் ஃபுளோரைடோ போடுங்கள். உள்தரத்துக்கு கார்பன்-13 ஏற்றிய பிபிஏ நல்லது (239லிருந்து 224). டி16 வாங்கினால் தண்ணீரில் ஓஎச்சில் இருக்கும் இரண்டு டியூட்டீரியம் கழன்று டி14 ஆகிவிடும். 241லிருந்து 223 தேட வேண்டும். 243ல் தேடிவிட்டு ஸ்டாண்டர்ட் கெட்டுப்போச்சு என்று கம்பெனிக்காரருக்கு போன் போடாதீர்கள்.

கருவியிலிருந்தே பிபிஏ வரும். மிக்சருக்கும் இஞ்செக்டருக்கும் நடுவில் ஒரு சின்ன சி18 காலம் மாட்டினால், கருவியின் பிபிஏ தாமதமாக வந்து மாதிரியின் சிகரத்திலிருந்து பிரிந்துவிடும்.

எல்சி இல்லாத லேப், பிபிஏவை ஆவியாகக்கூடியதாக மாற்றும் பிஎஸ்டிஎஃப்ஏ போட்டு ஜிசியிலேயே பார்க்கலாம், 60 அல்லது 70 டிகிரியில் அரை மணி, 357 அயனி. ஒரு துளி ஈரம் இருந்தாலும் வினை போச்சு.

கணக்குப்பிள்ளை | மார்ச் 6, இரவு 9.15

எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதில் ஐரோப்பாவே குழம்பி நிற்கிறது. 2020 குடிநீர் உத்தரவில் பிபிஏ வரம்பு லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம், அதாவது 2,500 நானோகிராம். 2023 ஏப்ரலில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒரு நாளைக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.2 நானோகிராம் மட்டுமே என்றது, முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைவு. 60 கிலோ ஆளுக்கு 12 நானோகிராம். இரண்டு லிட்டர் தண்ணீர்தான் ஒரே வழி என்றாலும் லிட்டருக்கு 6. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல் 200 நானோகிராம் என்றது. அந்தக் கணக்கில் லிட்டருக்கு 6,000. ஒரே பொருள், ஒரே ஆண்டு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏ தடை 2025 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

ஆகவே லேபிடம் பிபிஏ கண்டறியும் வரம்பு என்ன என்று முதலில் கேளுங்கள். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 'கண்டறியப்படவில்லை' என்ற வரிக்கு இந்த விவாதத்தில் மதிப்பே இல்லை. 5 அல்லது 10 நானோகிராம் தொடுகிற லேப் வேண்டும். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் சான்று இருக்கிறது என்று சொன்னால் போதாது. சான்றின் எல்லைப் பட்டியலில் தண்ணீருக்கு எதிரே இந்தப் பொருளும் முறையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேதிக்குடம் | மார்ச் 7, காலை 8.00

இவ்வளவு எதுக்கு, கொதிக்க வெச்சுக் குடிச்சா போயிடாதா?

செப்டம் | மார்ச் 7, காலை 8.22

டிஇஹெச்பி கொதிநிலை 380 டிகிரிக்கு மேல். தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், அது அங்கேயே உட்கார்ந்து கெட்டியாகும். கிருமிக்குக் கொதிக்க வையுங்கள், இதற்கு கார்பன் வடிகட்டி.

பிப்பெட் | மார்ச் 7, காலை 10.40

கொதித்ததை ஆறவிட்டு ஊற்றுங்கள், சூடாக பாலிகார்பனேட் கேனில் ஊற்றவே கூடாது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தினர் 2008ல் பார்த்ததில், சாதாரண நீரில் பாட்டிலிலிருந்து மணிக்கு 0.2 முதல் 0.8 நானோகிராம் பிபிஏ வந்தது. கொதிநீர் பட்டபின் மணிக்கு 8 முதல் 32. பாட்டில் புதிதா பழையதா என்பதைவிடச் சூடுதான் முடிவு செய்தது.

ஆர்ஓ பிளான்ட் | மார்ச் 7, இரவு 9.20

எங்க கேன் கழுவுற தொட்டியில காஸ்டிக் சோடா, சூடா. பாசி போகணும்னா அதுதான் போகுது. அதுவும் தப்பா?

பிப்பெட் | மார்ச் 7, இரவு 10.50

அண்ணே, இந்த இழையில் நீங்கள் கேட்டதுதான் கேன் சம்பந்தமான உண்மையான கேள்வி. பாலிகார்பனேட்டில் பிபிஏக்களைக் கோத்திருக்கும் கார்பனேட் இணைப்பு காரத்தில் அறுபடும், சூட்டில் வேகமாக. கேனின் உள்சுவர் மங்கி, கைவிரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்தால் அறுபட ஆரம்பித்து நாளாகிவிட்டது, அந்தக் கேனை ஒதுக்குங்கள்.

முடிந்தால் நடுநிலைச் சோப்புத் திரவமும் பிரஷ்ஷும். காஸ்டிக்தான் என்றால் செறிவையும் சூட்டையும் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, உடனே அலசுங்கள். அலசல் போதுமா என்பதற்கு பினாப்தலீன் பாட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். கடைசி அலசல் தண்ணீர் ஒரு டம்ளரில் இரண்டு சொட்டு. இளஞ்சிவப்பு வந்தால் பிஎச் 8.2க்கு மேல், இன்னும் காரம் இருக்கிறது. உங்கள் தண்ணீருக்கு இது மற்றவர்களைவிட முக்கியம்: ஆர்ஓ தண்ணீரில் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் பைகார்பனேட் குறைவு. கிணற்றுத் தண்ணீரில் தாங்கக்கூடிய அளவு காரம் கேன் அடியில் மிஞ்சினாலே, இதில் பிஎச் எகிறி, அடுத்து நிரப்பும் வரை உள்சுவரை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆர்ஓ பிளான்ட் | மார்ச் 8, காலை 6.05

பினாப்தலீன் மெடிக்கல்ல கிடைக்குமா?

செப்டம் | மார்ச் 8, காலை 6.40

மெடிக்கல்ல வேண்டாம், லேப் கெமிக்கல் கடையில் 1 சதவீதக் கரைசலாகவே கேளுங்கண்ணே, 100 மி.லி. போதும். சொட்டு பாட்டிலில் ஊற்றி மூடி வையுங்கள், அதில் சாராயம் இருக்கிறது, ஆவியாகிவிடும்.